கொல்லிமலையில் ஒரு காகித நட்சத்திரம்

கொல்லிமலை என்றவுடன் தமிழிலக்கிய வாசகர்களுக்கு இருவர் நினைவுக்கு வருவார்கள். ஒருவன் வல்வில் ஓரி. மற்றவள் கொல்லிப்பாவை. குறுந்தொகையும் நற்றிணையும் பேசுகிற அந்தப் பாவை உயிருள்ள பெண் அல்லள். செய்துவைக்கப்பட்ட ஓர் உருவம். தெய்வம் செய்தது என்று ஒரு பாட்டு சொல்லும். பூதம் செய்தது என்று இன்னொன்று சொல்லும். காற்று மோதினாலும் மழை அறைந்தாலும் தன் வடிவம் குலையாமல் நிற்பது அதன் சிறப்பு. இம்மலையைப் பற்றி நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நினைவுகளுள் ஒன்று, கையால் ஆன ஓர் உருவத்தைப் பற்றியது என்பதை நாம் அதிகம் கவனித்ததில்லை.

இக்கட்டுரை அந்தப் பாவையைப் பற்றியதன்று. அதற்கு நேர்மாறான ஒன்றைப் பற்றியது. ஒரு மழைக்குக் கிழிந்துவிடக்கூடிய, பத்துப் பதினைந்து நாள்களே ஆயுள் உள்ள, குழந்தைகள் செய்கிற ஒரு பொருளைப் பற்றியது. கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டு வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம்தான் அது.

நண்பர்கள் சிலர் குடும்பத்துடன் ஒரு மார்கழியில் கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தபோது குழந்தைகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்துக் களைத்திருந்தார்கள். மறுநாள், டிசம்பர் 23ஆம் தேதி, வாழவந்தி நாட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டியும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து நட்சத்திரம் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தோம். மூங்கில் பிளாச்சுகள், நூல்கண்டு, சிவப்பும் மஞ்சளுமாய்ப் பட்டத்தாள், ஒரு தேங்காய்த் தொட்டியில் மைதாப் பசை. எங்கள் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

எங்களில் ஒருவர், நாமக்கல் கடைத்தெருவில் வாங்கியிருந்த பிளாஸ்டிக் நட்சத்திரம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பையனிடம் கொடுத்தார். பொத்தானை அழுத்தினால் ஏழு விதமாக மினுக்கும். பையன் மரியாதையாக வாங்கினான், இரண்டு முறை அழுத்திப் பார்த்தான், பாட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பவும் பிளாச்சைச் சீவத் தொடங்கினான். "அதான் ஒண்ணு இருக்கே, இது எதுக்குத் தம்பி?" என்று நண்பர் கேட்டார்.

"எங்கம்மா வர்றாங்க. நான் கட்டுனதைப் பாக்கணும்ல்ல" என்றான்.

அவன் தாயும் தந்தையும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மறுநாள் கடைசிப் பேருந்தில் வருவார்கள். மூங்கில் கம்பில் இதைக் கட்டி உயரத் தூக்கிவிட்டால், பேருந்திலிருந்து இறங்கும்போதே வீடு தெரியும் என்று அவனுடைய அம்மாயி விளக்கினார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆனால் அந்த நட்சத்திரம் அதன்பின் எங்கள் பேச்சில் தங்கிவிட்டது. அது எங்கிருந்து வந்தது, ஏன் குழந்தைகளின் கையில் வந்து சேர்ந்தது என்று தேடத் தொடங்கியபோது, பல இடங்களுக்குப் போய்விட்டு மீண்டும் கொல்லிமலைக்கே வந்து சேர்ந்தோம்.

*

காகித நட்சத்திரத்துக்கு ஓர் ஊர் உண்டு. ஜெர்மனியின் கிழக்கு மூலையில், 1722இல் உருவான ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர் மொரேவிய சபையின் தாயகம். அச்சபையார் நடத்திய விடுதிப் பள்ளிகளுள் ஒன்று அருகிலுள்ள நீஸ்கியில் இருந்தது. 1830களில் அங்குள்ள ஆசிரியர் ஒருவர், வடிவகணிதத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கூம்புகள் செய்யச் சொல்லி, அவற்றை ஒன்றுசேர்த்துப் பல முனைகள் கொண்ட நட்சத்திரமாக்கினார். கணக்குப் பாடமாகப் பிறந்த பொருள் அது.

அந்த விடுதிகளில் படித்தவர்களில் பலர் மிஷனரிகளின் பிள்ளைகள். பெற்றோர் கடல் கடந்த நாடுகளில் இருந்தார்கள். ஒரு கடிதம் வர மாதங்கள் ஆகும். ஆகமன காலத்தின் முதல் ஞாயிறன்று நட்சத்திரத்தைக் கட்டித் தொங்கவிடுவது அந்தப் பிள்ளைகளின் வழக்கமாயிற்று. பின்னர் அங்கு படித்து வளர்ந்தவர்கள் அவ்வழக்கைத் தத்தம் வீடுகளுக்கும் தாங்கள் போன தேசங்களுக்கும் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீட்டர் ஹென்ட்ரிக் வெர்பேக் என்பவர் அதை எளிதில் கோக்கக்கூடிய வடிவத்தில் செய்து விற்கத் தொடங்கிய பிறகு அது உலகப் பொருளாயிற்று.

மொரேவியர்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1760இல் அவர்கள் தரங்கம்பாடிக்கு வந்து ஒரு தோட்டக் குடியிருப்பை அமைத்துக்கொண்டார்கள். நிக்கோபார் தீவுகளுக்குப் போய் நோயில் பலரை இழந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய நட்சத்திரம் பிறந்தது அதற்குப் பின்னர்தான். எனவே தரங்கம்பாடியில் அவர்கள் நட்சத்திரம் தொங்கியிருக்க வழியில்லை.

மேலும், நம் ஊர் நட்சத்திரம் ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்தின் நகலும் அன்று. அதன் உடல் வேறு. ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்துக்கு எலும்பு கிடையாது. மடித்த தாளே அதைத் தாங்குகிறது. நம்முடையதற்கு மூங்கில் எலும்பு. ஐந்து பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினால் தட்டையான ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்று கிடைக்கும். அதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களில் சிறு குச்சிகளை நிறுத்தி விரித்தால் நட்சத்திரம் வயிறு புடைத்து எழும். அதன்மேல் தாள் ஒட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு. பிளாச்சு ஒன்று தடித்துப்போனால் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். நூல் தளர்ந்தால் எல்லாம் சரியும். இந்தக் கட்டுமானம் பட்டம் கட்டுகிறவர்களின் கட்டுமானம். மூங்கிலைச் சீவுவது, வளைப்பது, நூலால் இறுக்குவது, மெல்லிய தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது யாவும் நம் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருந்த வித்தைகள். புதிய பண்டிகை வந்தபோது பழைய கைகள் அதற்கு உடல் கொடுத்தன.

*

நட்சத்திரத்தின் எலும்பு நம்முடையது என்றால், அதன் தோலான காகிதம் வெளியிலிருந்து வந்தது. சொற்களே அதைச் சொல்கின்றன. காகிதம் என்ற சொல் பாரசீக வழி வந்தது. கடுதாசி போர்த்துகீசியம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது, அவரை ஓயாமல் துரத்திய கவலைகளில் ஒன்று காகிதம். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் தாள் போதவில்லை. பொறையாறு அருகே ஒரு காகிதப் பட்டறையையே அமைத்துப் பார்த்தார்கள். தாள் அவ்வளவு அரிதாக இருந்த காலத்தில் அதை வெட்டித் தோரணம் கட்ட யாருக்கும் மனம் வந்திருக்காது.

குழந்தைகள் கையில் காகிதமும் கத்தரிக்கோலும் தாராளமாகக் கிடைத்தது பள்ளிக்கூடம் வழியாகத்தான். ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840இல் தம் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். காகிதம் மடித்தல், வெட்டுதல், பின்னுதல், களிமண் உருட்டுதல் ஆகியவற்றை விளையாட்டாக மட்டுமல்லாமல் பாடமாகவும் வைத்தார். விரல் கற்றதை மூளை மறக்காது என்பது அவர் முறையின் சாரம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்தக் கைவேலைகள் சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்குள்ளும் வந்துவிட்டன. நம் பள்ளிகளில் கிறிஸ்துமஸுக்கும் ஆண்டு விழாவுக்கும் சுதந்திர தினத்துக்கும் ஒரே மாதிரியாகக் கட்டப்படுகிற காகித வளையச் சங்கிலி அந்தப் பரம்பரையில் வந்ததுதான். பின்னர் 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழிலே கல்வியின் நடு அச்சாக இருக்க வேண்டும் என்றார். இருவரும் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்த இடம் குழந்தையின் கைதான்.

ஆனால் காகிதத்துக்கு முன்பே அலங்காரம் இருந்தது. தென்னங்குருத்தைக் கிழித்து மடித்துத் தோரணம் கட்டாத விழா தமிழகத்தில் உண்டா? குருத்தோலை ஞாயிறன்று அதே ஓலையைச் சிலுவையாக முடைகிற கைகள் அதை எங்கிருந்தோ புதிதாகக் கற்கவில்லை. கொல்லிமலையிலும் அதன் அடிவாரத்திலும் மார்கழி முடிந்து தை பிறக்கும்போது பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கூரையில் செருகுவார்கள். காப்புக்கட்டு என்பது அதன் பெயர். டிசம்பர் 25 மார்கழி பத்தாம் நாளையொட்டி வரும். வாசலில் கோலமும் அதன் நடுவே சாணப்பிள்ளையார்மேல் பூசணிப்பூவும் இருக்கிற மாதம் அது. எந்த மதத்தார் வீடானாலும் அந்த மாதத்தில் வாசல் அலங்காரம் பெறுகிறது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வந்து தொங்கியது வெறும் வாசலில் அன்று.

குடிலின் கதையும் இதுபோன்றதுதான். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் ஒரு தொழுவத்தை அமைத்து இயேசு பிறப்பைக் கண்முன் காட்டியதிலிருந்து அந்த வழக்கம் பரவியது என்பார்கள். தமிழகத்தில் குடில் கட்டும் வீடுகளில் டிசம்பர் நடுவிலேயே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கம்போ கடுகோ தூவிவிடுவார்கள். பண்டிகைக்குள் அது பச்சையாக எழுந்து பெத்லகேமின் புல்வெளி ஆகிவிடும். தண்ணீர் தெளிப்பது குழந்தைகளின் வேலை. முளைப்பாரி வளர்க்கும் நாட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகிற கொல்லிமலையில் விதைக்கா பஞ்சம்?

*

இனி கொல்லிமலையில் வளர்ந்த இரண்டு குழந்தைகளின் கதைக்கு வருவோம்.

ஜெஸ்ஸி மான் பிராண்ட் 1907இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர். 1913இல் ஈவ்லின் ஹாரிஸை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். அப்போது மலைக்கு வண்டிச்சாலை இல்லை. நடந்து ஏற வேண்டும், முடியாதவர்கள் டோலியில் போக வேண்டும். ஒரு ஆணி தேவைப்பட்டாலும் யாராவது தலையில் சுமந்துவர வேண்டும். மலைமேல் அவர்கள் குடியிருந்தது ஜெஸ்ஸி எழுப்பிய மரவீட்டில். கட்டடத் தொழில் அறிந்தவர் அவர். மலைவாழ் மக்களிடையே மருத்துவம் பார்த்தார், பள்ளிகள் நடத்தினார், தச்சுவேலையும் ஓடு செய்வதும் கற்றுக்கொடுத்தார். ஈவ்லின் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்றவர். அவர்களுக்கு 1914இல் பால், 1916இல் கோனி என இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள்.

கடை என்று ஒன்றில்லாத மலையில், மரமும் மூங்கிலும் மண்ணும் அளவின்றிக் கிடக்கிற இடத்தில், ஒரு தச்சரும் ஓர் ஓவியரும் பெற்ற பிள்ளைகள் அவர்கள். அத்தகைய வீட்டில் எது வேண்டுமானாலும் செய்துகொள்வதுதான் வழி. பால் மரக்கிளையில் உட்கார்ந்து பாடம் எழுதித் தாளைக் கீழே நிற்கும் தாயிடம் போடுவானாம். தந்தை கரையான் புற்றையும் தூக்கணாங்குருவிக் கூட்டையும் பிரித்துக் காட்டி, அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று சொல்லித்தருவாராம். மலைப்பிள்ளைகளே அவர்களுடைய விளையாட்டுத் தோழர்கள்.

பால் பிராண்ட் முதிய வயதில் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. ஒரு கைப்பிடி மண்ணைப் பற்றியது. சிறுவர்கள் மலைச்சரிவின் படிக்கட்டு வயலில் தவளை பிடிக்க ஓடி நாற்றை மிதித்துச் சேற்றைக் கலக்கிவிடுகிறார்கள். வரப்புகளைக் காக்கும் முதியவர் ஒருவர் வருகிறார். பிள்ளைகள் தாத்தா என்று அழைக்கும் அவர் அடிக்கவில்லை. கலங்கிய நீரிலிருந்து சேற்றை ஒரு கை அள்ளி, இது என்ன என்று கேட்கிறார். மண் என்கிறார்கள். யாருடைய மண் என்கிறார். இந்தக் கைப்பிடியில் எத்தனை ஆண்டு சோறு இருக்கிறது, கலங்கிய நீர் கீழே ஓடினால் எது ஓடிப்போகிறது என்று அவர்களுக்கு விளக்குகிறார். மலையில் நீர் தெளிந்து ஓட வேண்டும் என்பதே அவர் சொன்ன பாடம். கொல்லிமலையில் ஓர் உழவர் ஓர் ஆங்கிலச் சிறுவனுக்கு நடத்திய அந்த வகுப்பு பல பத்தாண்டுகள் கழித்தும் மறக்கப்படவில்லை. விரலிடுக்கில் வழிந்த சேறு அதை மறக்கவிடவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். குடிலுக்காகத் தட்டில் மண் பரப்பி விதை தூவுகிற பிள்ளைக்கும் அந்த வகுப்பின் ஒரு சிறு பகுதி கிடைக்கிறது.

1923இல் பாலும் கோனியும் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பாலுக்கு 9 வயது. நீஸ்கி விடுதிப் பிள்ளைகளின் நிலை இப்போது இவர்களுடையது. பெற்றோர் கொல்லிமலையில், பிள்ளைகள் லண்டனில். நடுவே வாரக்கணக்கில் கப்பலில் வரும் கடிதங்கள். 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அதன்பின் தந்தையை மகன் பார்க்கவே இல்லை. தந்தி வந்து சேர்ந்த பிறகும், தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

மகன் மருத்துவத்துக்குப் போகவில்லை. தந்தையின் தொழிலைத் தேர்ந்தான். தச்சும் கொத்தும் உள்ளிட்ட கட்டட வேலையைச் சில ஆண்டுகள் முறையாகக் கற்றான். அதன் பின்னர்தான் மருத்துவம். 1946இல் டாக்டர் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

*

அடுத்து நடந்தது மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்ற பிராண்ட், மடங்கி முடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார். அந்தக் கை அவர் கையை வலிக்கும்படி இறுக்கியது. கை செத்துவிடவில்லை, சில தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன, மற்றவை வலுவோடு இருக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. வலுவுள்ள தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல் மீண்டும் விரியும். 1940களின் இறுதியில் அவர் தொடங்கிய அந்த அறுவைச் சிகிச்சைகள் உலகெங்கும் தொழுநோயாளர்களின் கைகளைத் திறந்தன.

ஆனால் விரல் விரிந்தால் போதாது. அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும். கை திரும்பிய பிறகும் பிச்சைப் பாத்திரம்தான் அதற்குக் கிடைக்கும் என்றால் சிகிச்சைக்குப் பொருளில்லை. ஆகவே வேலூரில் 'நவ ஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. அங்கே ஒரு தச்சுப் பட்டறை. தசைநாண் மாற்றப்பட்டவர்கள் அதில் அமர்ந்து மரப்பொம்மைகள் செய்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் பிராண்ட்.

அந்த நிலையத்தில்தான் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டின் முழு பலத்துக்கும் திறக்கவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பிவிட்டான். அவனுடைய விரலைப் பார்த்தால் சதை பிளந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமல் காயப்பட்டுக் காயப்பட்டே அழிகின்றன என்ற உண்மையை உறுதிசெய்த நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. அதன்பின் கருவிகளின் கைப்பிடிகள் மாற்றியமைக்கப்பட்டன. தினமும் கைகளைப் பரிசோதிப்பது வழக்கமானது.

இதை ஏன் நட்சத்திரக் கட்டுரையில் எழுதுகிறோம்? பிளாச்சைச் சீவும்போது பிள்ளையின் விரலில் சிராய் ஏறும். 'ஸ்' என்று கையை உதறுவான். அடுத்த முறை கத்தியை வேறு கோணத்தில் பிடிப்பான். வலி அங்கே ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியரை இழந்தவர்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட மனிதர், அதன் அருமையைப் பின்னாளில் நூல்களாகவே எழுதியவர், முதலில் தன் கையைப் பழக்கிய இடம் கொல்லிமலை. கைவேலை என்பது வசதியில்லாதவர்கள் வேறு வழியின்றிச் செய்வது என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு இந்த மலையே மறுப்புச் சொல்கிறது.

*

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1605இல் கிறிஸ்துமஸ் மரங்களில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கியதாக ஒரு குறிப்பு இருக்கிறது. வீட்டில் இருந்ததைக் கொண்டு வீட்டில் இருந்தவர்கள் செய்தவை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா என்ற ஊர் கண்ணாடிக் குண்டுகளை ஊதிச் செய்யத் தொடங்கியது. 1880 முதல் அமெரிக்க வணிகர் உல்வர்த் அவற்றைத் தம் கடைகளில் விற்றார். செல்வர் வீட்டு மரங்கள் மின்னின. அந்தக் குண்டுகளுக்கு லௌஷாவின் வீடுகளில் இரவு பகலாக வேலை செய்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். நம் சிவகாசியின் தீப்பெட்டிக் குழந்தைகளை நினைத்தால் இது விளங்கும். அதே விரல்கள், அதே பசை, அதே தாள்தான். ஆனால் கூலிக்காகக் குழந்தை ஒட்டுவது வேறு, தன் வாசலுக்காக ஒட்டுவது வேறு. குழந்தைகளின் கைவேலையைப் போற்றுகிற எவரும் இந்தக் கோட்டை மறந்துவிடக்கூடாது.

இன்று உலகின் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பெரும்பங்கு சீனத்தின் யீவூ நகரத்துப் பட்டறைகளிலிருந்து வருகிறது. நாமக்கல்லில் நண்பர் வாங்கிய மினுக்கும் நட்சத்திரம் அங்கிருந்து வந்திருந்தால் வியப்பில்லை. அதைச் செய்தவரும் யாரோ ஒரு வீட்டின் தாயோ தந்தையோதான். பண்டிகைக்கு ஊர் திரும்பப் பேருந்துக்குக் காத்திருப்பவர்தான். எனவே கடை நட்சத்திரத்தைப் பழிக்க எங்களுக்கு மனம் இல்லை. ஆனால் அது செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. இல்லாத ஒருவருக்காகக் காத்திருக்கும் நாள்களைக் கையில் ஏந்திக் கடக்க அது உதவாது. நீஸ்கியின் பிள்ளைகள் கூம்பு கூம்பாக ஒட்டியபோது அதைத்தான் செய்தார்கள். கொல்லிமலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிற, திருப்பூருக்கும் கோவைக்கும் பெற்றோரை அனுப்பிவிட்டுப் பாட்டி வீடுகளில் வளர்கிற பிள்ளைகளுக்கும் அந்த வேலை இன்னும் தேவைப்படுகிறது.

ஈவ்லின் பிராண்ட் கணவர் இறந்த பிறகும் மலைகளை விடவில்லை. 68 வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தபோது, ஓய்வை ஏற்றுக்கொண்டு, வேலையை மட்டும் தொடர்ந்தார். கல்வராயன்மலைக்கும் பச்சைமலைக்கும் போனார். இரண்டு கைத்தடிகளை ஊன்றியும் குதிரைமேல் அமர்ந்தும் ஊர் ஊராகச் சுற்றினார். 1974 டிசம்பர் 18 அன்று, கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், 95 வயதில் காலமானார். அவருடைய உடல் கொல்லிமலைக்குக் கொண்டுவரப்பட்டு, 45 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்டிருந்த கணவருக்கு அருகே வைக்கப்பட்டது. மகன் பால் 2003இல் அமெரிக்காவில் மறைந்தார்.

மறுநாள் மாலை நாங்கள் செம்மேட்டில் தேநீர்க் கடையொன்றில் உட்கார்ந்திருந்தோம். மூடுபனி இறங்கிவிட்டது. கடைசிப் பேருந்து எங்களைக் கடந்து வாழவந்தி பக்கம் போனது. உள்ளே பைகளை மடியில் வைத்துக்கொண்டு நின்றும் உட்கார்ந்தும் ஆட்கள். அவர்களில் யார் அந்தப் பையனின் தாய் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுடைய சின்னப்பெண் ஒருத்தி, தன் மடியில் கிடந்த கோணல் நட்சத்திரத்தைக் காட்டி, இதை எப்போது ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டலாம் என்று கேட்டாள். முந்தைய நாள் அந்தத் திண்ணையில் அம்மாயி பிடித்துக் காட்டக் காட்ட அவளே கட்டியது. ஒரு முனை மற்றவற்றைவிட நீளம். நீளமான முனையை வெட்டிவிடலாமா என்று அவளுடைய தந்தை கேட்டார். வேண்டாம் என்று மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.